கடைசிப் பள்ளிக்கூடத்துப் பருப்பு

ஊரிலுள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே சமையல்கூடம் போதும் என்று முடிவெடுத்தவர்கள், ஆறிப்போன பருப்பை ஒரு நாளாவது வாயில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வைத்திருந்தால் அந்தச் சமையல்கூடமே வந்திருக்காது. கட்டடம் என்னவோ பெரிசுதான். ஒரு காலத்தில் பஸ் நிறுத்திவைத்த கொட்டகை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, சுவரோரமாக வரிசையாக கேஸ் அடுப்புகள், அவற்றின்மேல் ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற அண்டாக்கள். மழை பிடித்துக்கொண்டால் கூரைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அதனால் அங்கே வேலை பார்க்கிற பெண்கள் எல்லோருக்கும் குரல் பெரிசாகிவிட்டது. வீட்டுக்குப் போனாலும் கத்தித்தான் பேசுவார்கள். சண்டை போடுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொள்வார்கள்.

ஊர் அசந்து தூங்குகிற நேரத்தில் அங்கே வேலை தொடங்கும். அண்டாக்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். ஈடு ஈடாக வடித்துக் கொட்டினால்தான் கட்டுப்படியாகும். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவில்லை என்றால் அன்றைக்கு ஏதோ ஒரு பள்ளிக்கூடம் பட்டினி. வண்டியும் ஒன்றே ஒன்று. அது மூடி போட்ட கேன்களை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பள்ளிக்கூடமாக இறக்கிப் போட்டுக்கொண்டே போய், ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கடைசிப் பள்ளிக்கூடத்தை அடையும்போது சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருக்கும்.

பருப்பு அண்டா ஒருத்தியின் பொறுப்பு. பத்து வருஷத்துக்கும் மேலாக அவளுடைய பொறுப்பு. அதனால் பெற்றோர் வைத்த பேர் போய், பருப்பக்கா என்பதே பேராகிவிட்டது. கையில் துடுப்பு மாதிரி நீளமான மரக்கரண்டி. அடி பிடித்துவிடாமல் இடுப்பை வளைத்துச் சுற்றிச் சுற்றிக் கிளற வேண்டும். ஒரு நிமிஷம் பராக்குப் பார்த்தால் போச்சு, தீய்ந்த வாடையை அப்புறம் எதைப் போட்டாலும் மறைக்க முடியாது. இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்துபோனது அந்தக் கிளறலில்தான். வெந்ததா என்று பார்க்க அவள் வாயில் போட்டுப் பார்ப்பதில்லை. கரண்டியை உயர்த்தி ஊற்றி, விழுகிற சத்தத்தைக் கேட்பாள்.

அவளிடம் ஒரு பழைய போர்வை இருந்தது. கேன்களை வண்டியில் ஏற்றும் நேரத்தில் கடைசிப் பள்ளிக்கூடத்துக் கேனை மட்டும் தானே தூக்கிக்கொண்டு வருவாள். போர்வையை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டி, காற்றுப் படாத மூலையில் வைப்பாள். வண்டிக்கார அண்ணன் சாயங்காலம் போர்வையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏன் எதற்கு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்பது?

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவள் மகள் படித்தாள்.

மகள் அவளோடு இல்லை. வேலை தேடி வெளியூர் போன கணவன் போனவன்தான். பிள்ளைக்கு அப்போது வாசல் கதவின் தாழ்ப்பாள்கூட எட்டாது. மூன்று மணி வேலைக்குப் போகிறவள் அதை எங்கே விட்டுவிட்டுப் போவாள்? பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா, "கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும்டி" என்றாள். அக்காவுக்குப் பிள்ளையில்லை. கொஞ்ச நாள் என்பது பல் விழுந்து முளைத்து, பள்ளிக்கூடம் சேர்ந்து, இரட்டைப் பின்னல் போட்டு, ஏழாம் வகுப்புவரை வந்துவிட்டது. அக்கா பிள்ளைக்குப் பாசாங்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியம்மா பெரியம்மாதான் என்றுதான் வளர்த்தாள். ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் பருப்பக்காவைச் சித்தி என்று கூப்பிட, இதுவும் சித்தி என்றே கூப்பிடத் தொடங்கியது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. பெரியம்மாவை 'நீ' என்பாள், பெற்றவளை 'நீங்க' என்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை. அந்த மரியாதை பருப்பக்காவை என்ன பாடு படுத்தியது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

*

இந்த நிலையில்தான் நகரசபைக்குப் புதிதாக ஒரு அதிகாரியம்மா வந்தார். சின்ன வயசு, பெரிய கண்ணாடி. சாப்பிடுகிறவர்கள் பிள்ளைகள், அதனால் சாப்பாட்டைப் பற்றி அவர்கள் சொல்வதைத்தான் இனிக் கேட்கப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார். பள்ளிக்கு ஒரு பிள்ளை என்று ஒரு குழு. ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தக் குழு தலையில் துணித்தொப்பியோடு சமையல்கூடத்துக்குள் வரிசையாக நுழைந்தது. அந்த வரிசையின் கடைசியில், எல்லோரையும்விடச் சின்னதாக, தொப்பி கண்ணை மறைக்க நடந்து வந்தவள் பருப்பக்காவின் மகள். வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்குப் பேர் பொடிசு.

பருப்பக்கா கிளறுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள். பக்கத்து அடுப்பில் சோறு வடிக்கிற மூத்தவள், எல்லோரும் சோத்தக்கா என்று கூப்பிடுகிறவள், முழங்கையால் இடித்தாள்.

"பாத்து. உம்பொண்ணு அதிகாரியா வந்திருக்கா. பருப்பைத் தீய்ச்சுட்டேன்னா உஞ்சீட்டையே கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவா."

"சும்மா இருக்கா."

மேற்பார்வையாளருக்கு 'ஆச்சா சார்' என்று பேர். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் வாயில் வருகிற ஒரே வார்த்தை அதுதான். அன்றைக்கு அவர் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

"கேளுங்க தம்பி, கேளுங்க பாப்பா. எதுன்னாலும் கேக்கலாம்" என்றார், கேட்டுவிடப்போகிறார்களே என்ற பயத்தோடு.

பல் வரிசையில் ஓட்டை விழுந்த ஒரு பையன் கேட்டான். "சோறு ஏன் உருண்டை உருண்டையா வருது?"

"உருண்டையா இருந்தா தூக்கிப் போட்டு விளையாடலாம்ல" என்றாள் சோத்தக்கா.

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. "அம்மா, அவன் நிஜமாத்தான் கேக்குறான். நிஜமான பதில் சொல்லுங்க."

சோத்தக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவளிடம் இதற்குமுன் யாரும் நிஜமான பதில் கேட்டதில்லை போலிருக்கிறது. "சூடா அள்ளிக் கேன்ல அமுக்குறோம்டா கண்ணு. அள்ளி அள்ளிக் கை விட்டுப் போவுது, ஆற வெக்க நேரமில்ல. ஆறவிடாம அமுக்கினா கட்டிக்கும்" என்றாள், பாதிக் குரலில்.

பிறகு பிள்ளைகள் பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. பருப்பு தண்ணி. காய் எப்பவும் ஒரே காய். எல்லாவற்றுக்கும் மேலே, சாப்பாடு ஜில்லென்று இருக்கிறது. ஜில்லென்று, ஜில்லென்று என்று முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். மழைக்காலம் வேறு. பொடிசு மட்டும் ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

"உங்க ஸ்கூல்ல?" என்று அதிகாரியம்மா கேட்டார்.

"எங்களுக்குச் சூடாத்தான் வருது மிஸ்."

"உங்க ஸ்கூல்தானே கடைசி?"

"ஆமா மிஸ்."

எல்லோரும் அவளைப் பொய்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பருப்பக்கா அண்டாவுக்குள் குனிந்துகொண்டாள். ஆவி முகத்தில் அடித்ததில் கண் சிவந்தது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

போகும்போது பொடிசு அண்டா பக்கம் வந்தாள். "வர்றேன் சித்தி. ஞாயித்துக்கெழமை வர்றீங்கல்ல?" என்றாள்.

"வர்றேன்டா. தொப்பியைச் சரியாப் போடு. கண்ணு தெரியல உனக்கு."

அன்றைக்குச் சாயங்காலம் ஆச்சா சார் ஒரு சேதி கொண்டுவந்தார். நகரசபையில் ஒரு திட்டம் தூங்கிக்கொண்டிருக்கிறதாம். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சின்ன அடுப்படி கட்டி அங்கேயே சமைப்பது. தூரத்தால்தான் சாப்பாடு ஆறுகிறது என்று பிள்ளைகள் குழு சோதித்துச் சொல்லிவிட்டால் அந்தத் திட்டத்தை எழுப்பிவிடுவதென்று அதிகாரியம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். இங்கே இருக்கிறவர்களைப் பிரித்துப் பள்ளிக்கு இரண்டு பேராகப் போடுவார்களாம்.

"வேலை எப்ப ஆரம்பிக்கும் சார்?" என்று பருப்பக்கா கேட்டாள்.

"ஒரு ஸ்கூலுக்கு மட்டும் சமைக்க என்ன, ஏழு மணிக்கு வந்தா போதும்."

ஏழு மணி. பருப்பக்கா அந்த வார்த்தையை வீடுவரைக்கும் வாயிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். ஏழு மணி என்றால் ராத்திரி முழுக்க வீட்டில் இருக்கலாம். பிள்ளையை எழுப்பலாம். தலை வாரிவிடலாம். பின்னல் போட்டுக்கொண்டே திட்டலாம். சாப்பிடாமல் ஓடினால் வாசல்வரை துரத்திக்கொண்டு போகலாம். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சலிப்போடு நடக்கிற காரியங்கள். இவள் அதற்காகப் பத்து வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

*

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பள்ளிச் சீருடை தைக்கிறவள். வீடு முழுக்க வெட்டின துணித் துண்டுகள். மழை பிடித்ததில் துவைத்த துணியெல்லாம் உள்ளே கொடியில் தொங்க, அவற்றுக்கு நடுவே தலையைக் குனிந்து குனிந்து நடக்க வேண்டியிருந்தது. அக்காவின் கணவர் இறந்தபிறகு அவளுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. மெஷினை மிதிக்கிற கால் மட்டும் வலிக்காது என்று சொல்லிக்கொள்வாள்.

"உம்பொண்ணோட அட்டகாசம் தாங்கல" என்றாள் அக்கா. "எதைக் கொடுத்தாலும் விரலை விட்டுப் பாக்குறா. நேத்து என் காப்பியில விட்டுட்டா."

"அது எங்க குழுவோட முறை" என்றாள் பொடிசு. நகரசபை கொடுத்த வெப்பமானி முதல் நாளே கீழே விழுந்து உடைந்துவிட்டதாம். புதிது வாங்கக் கையெழுத்து வேண்டுமாம், கையெழுத்துப் போடுகிறவர் லீவாம். அதனால் பிள்ளைகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பருப்பைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து விரலை விட்டுக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். ஐந்துக்குள் விரலை எடுத்துவிட்டால் சூடு. பத்துவரை தாங்கினால் வெதுவெதுப்பு. அதற்குமேல் எண்ணிக்கொண்டே இருந்தால் அது சாப்பாடே இல்லை.

"விரல் விட்ட காப்பியை யாருடி குடிக்கிறது?"

"கைகழுவிட்டுத்தானே விட்டேன். நீ குடிச்சுட்டல்ல?"

"குடிக்காம? பால் என்ன வெல விக்குது!"

மூன்று பேரும் சிரித்தார்கள். பொடிசு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். மெஷின் கொஞ்ச நேரம் ஓடி, நின்றது.

"ஸ்கூலுக்கு ஸ்கூல் அடுப்படி வரப்போகுதாமே. பொடிசு சொன்னா" என்றாள் அக்கா.

"பேசிக்கிறாங்கக்கா."

"வந்தா உனக்கு நல்லது. வெளிச்சத்துல போய் வெளிச்சத்துல வந்துடலாம்."

"ம்."

"ராத்திரி வீட்டுல இருப்ப."

"ம்."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. "எதையோ கேக்கணும்னு வந்திருக்க. ரெண்டு மூணு வாரமா அதே மொகத்தோட வர்ற. கேட்டுடேன்."

"ஒண்ணுமில்லக்கா. மழை விட்டா கெளம்பணும்."

கேட்கத்தான் வந்தாள். கேட்டால் அக்கா தரமாட்டேன் என்று சொல்லமாட்டாள். கூட்டிட்டுப் போ என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டு, இவள் போனதும் அந்தத் துணித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து என்ன செய்வாள்? அதை நினைத்துத்தான் கேட்காமலேயே எழுந்தாள். முதலில் அடுப்படி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள்.

*

சோதனை நாள் முடிவானது. குழுவில் இருக்கிற பிள்ளைகள் வண்டியிலேயே போய் ஒவ்வொரு பள்ளியிலும் கேனைத் திறந்து பார்ப்பது என்று ஏற்பாடு.

முதல் நாள் மாலை அண்டா கழுவும்போது சோத்தக்கா பேச்சை எடுத்தாள். சுற்றி வளைத்துப் பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"நாளைக்கு அந்தப் போர்வையை வீட்டுலயே வெச்சுட்டு வா."

பருப்பக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"காதுல விழுதா? கடைசி ஸ்கூல்தான் தூரம். அங்க ஆறியிருந்தாத்தான் தூரத்தால ஆறுதுன்னு எழுதுவாங்க. அங்க சூடா இருந்துட்டா, தூரம் ஒரு காரணமே இல்ல, இந்தச் சமையல்கூடமே போதும்னு திட்டத்தை மூடி வெச்சுடுவாங்க. ஒனக்கு இது புரியாமயா இருக்கு?"

"புரியுதுக்கா."

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் உம்பொண்ணு ஆறின பருப்பைத் தின்னட்டும். செத்தா போயிடுவா? அப்புறம் காலம் முழுக்க உங்கையால சுடச்சுடத் திம்பா."

"சரிக்கா."

"சரின்னு சொல்லாத. செய்."

செய்தாள். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது போர்வையை மடித்துக் கட்டில்மேல் வைத்து, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். வழி நெடுக நெஞ்சு இலேசாக இருந்தது. பாதி வேலை முடிந்துவிட்டது போலத்தான்.

அன்று பார்த்து மழை ஊற்றி எடுத்தது. வாடைக்காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் போல் அடித்தது. பிள்ளைகள் வந்து வண்டியின் பின்பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பொடிசு கடைசியில், காலைத் தொங்கப்போட்டு. காலில் போட்டிருந்த செருப்பு நனைந்து, விரல்கள் வெளிறிப்போயிருந்தன. "ஆச்சா? ஆச்சா?" என்று ஆச்சா சார் குடையோடு இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

பருப்பக்கா கடைசிக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து மூலையில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான். சமையல்கூடத்து வாசலில் சோத்தக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேனின் மூடிமேல் சாரல் விழுந்து ஆவியாகப் போனது. அந்தச் சூடு இப்போதே போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது இதில் என்ன மிச்சம் இருக்கும்? இந்த வெளிறின விரலை அதில் விட்டுக்கொண்டு பத்து, பதினைந்து, இருபது என்று பிள்ளை எண்ணிக்கொண்டிருப்பாளே.

குளிருக்குத் தோளில் போர்த்தியிருந்த சால்வையை எப்போது உருவினாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு சுற்றுச் சுற்றி, முனைகளை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கும்போதுதான் செய்த காரியம் உறைத்தது. அவிழ்க்கலாம் என்று கையை நீட்டினாள். வண்டிக்கார அண்ணன் கதவைச் சாத்திவிட்டார்.

மெல்லிய சேலையோடு மழையில் நனைந்துகொண்டு திரும்பி வந்தவளைச் சோத்தக்கா தலை முதல் கால்வரை பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தாள் பருப்பக்கா. அவள் திட்டவில்லை. அடுப்பை நோக்கித் தள்ளிவிட்டு, "போய்க் காய்ஞ்சுக்க. பைத்தியக்காரி" என்றாள்.

*

நகரசபைக் கூடத்தில் மின்விசிறிகள் மழைக்காலத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. பெரியவர்கள் உட்காருகிற நாற்காலிகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்குக் கால் தரையில் படவில்லை. சமையல்காரர்களுக்குச் சுவரோரமாகப் பெஞ்சு. பெற்றோர், வளர்த்தோர் எல்லாம் பின்னால். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து அங்கே உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். முதல் பள்ளியில் ஐந்துக்குள் விரலை எடுத்தாகிவிட்டது. நடுவில் இருக்கிற பள்ளிகளில் பத்துக்குமேல் போயிற்று. போகப்போக எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று. கடைசிப் பள்ளியில் மட்டும் மூன்று.

சபையின் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப தூரம் காரணமில்லன்னு ஆகுதே?"

அதிகாரியம்மாவின் முகம் விழுந்துவிட்டது. பருப்பக்கா மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொடிசு எழுந்தாள். மைக் எட்டவில்லை, ஒருத்தர் வந்து தாழ்த்திவிட்டார். "தூரமும் காரணம்தான் சார். ஆனா எங்க கேன்ல மட்டும் ஒரு சால்வை சுத்தியிருந்துச்சு. நான் பாத்தேன். அதைச் சுத்தினதாலதான் ஆறல. மத்த கேன்ல எதுவும் இல்ல, அதனால ஆறிடுச்சு. அப்ப எல்லாக் கேனுக்கும் அதேமாதிரி ஒரு உறை தெச்சுப் போட்டா எல்லாருக்கும் சூடா வரும். புதுசா அடுப்படி கட்டுற வரைக்கும் யாரும் காத்துக்கிட்டிருக்க வேணாம். நாளைக்கே செய்யலாம்."

பிறகு யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். தலைவர் எழுந்து நின்றே தட்டினார். பெரியவர்கள் கூடிப் பேசினால் வருஷக்கணக்கில் இழுக்கிற விஷயத்தைப் பிள்ளைகள் நொடியில் முடித்துவிட்டார்கள் என்றார். புதிய அடுப்படித் திட்டத்துக்கு இனி அவசியம் இல்லை என்றும் அதே மூச்சில் சொன்னார்.

"அது யாரோட சால்வை?" என்று சபையிலிருந்து ஒரு குரல்.

பொடிசு சுவரோரத்துப் பெஞ்சைப் பார்த்தாள். "எங்க சித்தியோடது."

"ஏம்மா, அந்த ஒரு ஸ்கூலுக்கு மட்டும் எதுக்குச் சுத்துனீங்க?"

பருப்பக்கா எழுந்தாள். ஆச்சா சார் முறைத்தார். சோத்தக்கா அவள் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையில் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"அதுதான் கடைசி ஸ்கூலுங்க. ரொம்பத் தூரம்" என்றாள்.

தூரம் என்று அவள் சொன்னதை எல்லோரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உறைகளைத் தைக்கிற வேலையைப் பொடிசின் பெரியம்மாவிடமே கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. எல்லாக் கேன்களையும் சுற்றிக் கட்டி ஏற்றுவதற்கு அரைமணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்று ஆச்சா சார் எழுந்து சொன்னார். அதனால் வேலையை அரைமணி முன்னாடியே தொடங்கிவிடுகிறோம் என்றார். அதையும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

*

வெளியே மழை விட்டிருந்தது. கூடத்து வாசற்படிகள் ஈரமாக இருந்தன. அக்கா அதிகாரியம்மாவிடம் உறைக்குத் துணி எது நல்லது என்று பேசிக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டாள். பொடிசு ஓடிவந்து பருப்பக்காவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாப் பேசினேனா சித்தி?"

"ரொம்ப நல்லாப் பேசின. எங்கண்ணே பட்டுடும் போல இருந்துச்சு."

"இனிமே எல்லாருக்கும் சூடாப் போகும்."

"போகும்டா."

"அப்புறம் ஏன் அழுவுறீங்க?"

பருப்பக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்தது. பத்து வருஷம் வராத வார்த்தை, இனி அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஆனபிறகு வந்தது.

"அடுப்படி மாறிச்சுன்னா ஏழு மணிக்குத்தான் வேலை. ராத்திரி வீட்டுல இருப்பேன். உன்னை எங்கூடக் கூட்டிட்டு வந்துடலாம்னு நெனச்சேன்."

பொடிசின் சிரிப்பு மெல்லப் போயிற்று. உள்ளே கூடத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?"

"ஐயோ, இல்லடா. சால்வையைச் சுத்தினது நான். நீ உள்ளதைச் சொன்ன."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ பொய்யா சொல்லியிருப்ப?"

"அது இல்ல." பொடிசு முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "பருப்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. சோறு எப்படி இருக்கு, காய் எப்படி இருக்குன்னு கேட்டாங்க. தட்டு எந்தக் கலர்ல வேணும்னுகூடக் கேட்டாங்க. நான் எங்க இருக்கணும்னு மட்டும் யாருமே என்னைக் கேக்கல. நீங்களும் கேக்கல, பெரியம்மாவும் கேக்கல."

ஒரு பஸ் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயிற்று.

"ஏன் கேக்கல சித்தி?"

"பயம்டா. நீ வரமாட்டேன்னு சொல்லிட்டா அப்புறம் நான் என்ன பண்றது? கேக்காம இருந்தா, கேட்டா வருவான்னு நெனச்சுக்கிட்டாவது இருக்கலாம்."

பொடிசு முழங்காலை விட்டு நிமிர்ந்தாள். "இப்பக் கேளுங்க."

"இப்ப என்னத்தை... மூணு மணி வேலை ரெண்டரைக்கு வந்துடுச்சு."

"எனக்கு ஒண்ணும் தாழ்ப்பாள் எட்டாம இல்ல. கேளுங்க சித்தி."

பருப்பக்கா சேலை முந்தியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அடுப்படியில் எட்டு அண்டா தாண்டிக் கேட்கிற குரல் அவளுக்கு. இப்போது பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காதபடி வந்தது.

"எங்கூட வந்து இருக்கியாடா?"

"வரல" என்றாள் பொடிசு. "பெரியம்மாவால தனியா படி ஏறி இறங்க முடியாது. நான் வந்துட்டா அதுக்கு யாரு இருக்கா?"

"சரி" என்றாள் பருப்பக்கா. "சரிடா."

எழுந்திருக்கப்போனவளின் கையைப் பிடித்து மகள் உட்கார வைத்தாள். அந்தக் கை கரண்டி பிடித்துப் பிடித்து மரத்துப்போன கை. பொடிசு அதை விடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷமும் கேளுங்க" என்றாள். "அதுக்கு அடுத்த வருஷமும் கேளுங்க. வரமாட்டேன்னு சொன்னாலும் கேளுங்க. கேக்காம மட்டும் விட்டுடாதீங்க."